வாணி ஜெயராம் அம்மையாரும் மணத்திற்குப் பின் வளர்ந்த இசைக்கல்வியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்ட பொழுது, இலக்கியப் பொருளொன்றை எடுத்துக்கொள்வேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். யான் எடுத்துக்கொண்டதோ திரைப்படங்களிற் பின்னணி பாடிய ஓர் அம்மையாரின் வாழ்க்கை. தமிழாசிரியனுக்குத் திரைப்படத்தோடு என்ன தொடர்பு என்று வினவுவார் வினவலாம். கற்றல், கற்பித்தல், கற்றதைக் காத்தல் என்னும் மூன்றும் எங்கு நிகழினும் அங்கு ஆசிரியனுக்கு வேலையுண்டு. அன்றியும், இவ்வம்மையாரின் வரலாற்றில் நம் இல்லங்கள் ஒவ்வொன்றும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. அதனை முடிவிற் சொல்வேன். முதலில் வரலாற்றைக் கேளுங்கள்.

வாணி ஜெயராம் அம்மையார் 1945-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள் வேலூரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கலைவாணி. அவர் பிறந்த குடும்பம் மக்கள் நிறைந்த பெருங்குடும்பம்; ஆயினும் இசையை ஆடம்பரமென்று ஒதுக்காத குடும்பம். அன்னையார் பத்மாவதி அம்மையார், கிருதிமணிமாலை என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்ட ஆர். ரங்கராமானுஜ ஐயங்காரிடம் இசை பயின்றவர். ஆகவே குழந்தைக்கு முதற் பள்ளிக்கூடம் வீடே ஆயிற்று. பின்னர்க் கடலூர் சீனிவாச ஐயங்காரிடம் முறையாகப் பயிலத் தொடங்கினார். அவரிடம் முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளைக் கற்றார். தீட்சிதரின் கிருதிகள் நிதானமான நடையின; ஒவ்வொரு சுரமும் தன் இடத்திற் செவ்வனே நிற்றலை வேண்டுவன; அவசரக்காரருக்கு அவை வசப்படா. அத்தகைய கிருதிகளில் இளங்குழந்தை பழகியது பிற்காலத்தில் எத்துணைப் பயன் தந்தது என்பதை மேலே காண்போம். அவருக்குப் பின் டி. ஆர். பாலசுப்பிரமணியம், ஆர். எஸ். மணி ஆகியோரிடமும் பயிற்சி தொடர்ந்தது. எட்டாவது வயதிலேயே சென்னை வானொலி நிலையத்திற் பாடினார்.

குடும்பம் சென்னையிற் குடியேறிய பின், அம்மையார் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளியிலும் இராணி மேரி கல்லூரியிலும் கல்வி பயின்றார். கருநாடக இசையில் ஊறிய அவ்வீட்டில் இச்சிறுமிக்கு மற்றொரு விருப்பமும் இருந்தது. இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகும் இந்தித் திரைப்பாடல்களைக் காது கொடுத்துக் கேட்டு, அவற்றின் மெட்டையும் வாத்தியப் பகுதிகளையும் மனத்தில் எழுதிக்கொள்வார். பிள்ளைகள் வானொலிப் பெட்டியருகே அமர்ந்திருந்தால் படிப்புக் கெட்டது என்று நாம் கடிந்துகொள்வது வழக்கம். அடிப்படைக் கல்வி உறுதியாக அமைந்த பிள்ளை எதனைக் கேட்டாலும் அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இச்சிறுமி சான்று.

படிப்பு முடிந்தபின் அவருக்கு ஸ்டேட் பாங்கில் உத்தியோகம் கிடைத்தது. முதலிற் சென்னையிலும், 1967 முதல் ஐதராபாத்திலும் பணிபுரிந்தார். இந்த இடத்தில் வரலாறு நின்றிருக்குமானால் அதிற் குறை கூறுவார் ஒருவரும் இரார். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, நிலையான உத்தியோகம், இனி விவாகம். நம் நாட்டுப் பெண்மக்கள் எத்தனையோ பேருக்கு வரலாறு இங்கேதான் முடிகின்றது. பாடிய குரல், பிள்ளையைத் தாலாட்டும் காலத்தில் ஒரு சிறிது தலைகாட்டிப் பின்பு அடங்கிப் போகின்றது.

கலைவாணியாருக்கும் விவாகம் நடந்தது. கணவர் பெயர் ஜெயராம். அவர் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டே பின்னர் உலகம் அறிந்த வாணி ஜெயராம் ஆனார். அவர் புகுந்த வீடு பம்பாயில் இருந்தது. மாமியார் பத்மா சுவாமிநாதன் அம்மையார் சமூகத் தொண்டர். தாமே கருநாடக இசை பாட வல்லவர். அவர் யார் மகள் எனின், திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபையை நிறுவியவரும், 1938-ஆம் ஆண்டு வெளிவந்த சேவாசதனம் என்னும் படத்தில் நடித்தவருமாகிய எப். ஜி. நடேச ஐயரின் மகள். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் திரையில் முதன்முதல் தோன்றியது அப்படத்திலேதான் என்பது உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். பாட்டையும் நாடகத்தையும் இழிதொழிலென்று பெரிய குடும்பத்தார் பலர் ஒதுங்கியிருந்த காலத்தில், உயர்ந்த உத்தியோகத்திலிருந்துகொண்டே மேடையேறிய ஒருவரின் வழிவந்த வீடு அது. ஆகையால், மருமகள் பாடுவாள் என்பது அவ்வீட்டாருக்கு மறைக்கவேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை.

அம்மையார் வேண்டுகோளின்படி பாங்கு உத்தியோகமும் பம்பாய்க்கு மாற்றப்பட்டது. அப்பொழுது கணவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். மனைவியின் குரலை அவர் கேட்டார். 'நன்றாகப் பாடுகிறாய்' என்று புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. மேலும் கற்கவேண்டும் என்று தூண்டினார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கருநாடக இசை பயின்ற ஒருவரை, மணமான பின்னர், மீண்டும் மாணவியாக அமர்ந்து இந்துஸ்தானி இசையைக் கற்கும்படி ஊக்கினார். பாட்டியாலா வழியில் வந்த உஸ்தாத் அப்துல் ரகுமான் கான் அவர்களிடம் அம்மையார் சேர்ந்தார். தும்ரி, கஜல், பஜன் முதலிய வகைகளின் நுட்பங்களை அவரிடம் பயின்றார். பயிற்சி கடுமையாக இருந்தமையால் உத்தியோகமும் அதுவும் ஒருங்கே நடத்தல் இயலாதாயிற்று. இரண்டிலொன்றை விடவேண்டும் என்ற நிலை வந்தபொழுது, மாதச் சம்பளத்தை விட்டார், சாதகத்தை விடவில்லை.

இந்த இடத்தில் நம் பெரியோர்களிற் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகின்றது. 'பாங்கு உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பாடப் போவதா? இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாமா?' என்பார்கள். அவர்கள் அச்சம் அடிப்படையற்றது அன்று. கலையை நம்பி நிலையான வருவாயை இழந்து வருந்தினோர் பலர். ஆனால், அம்மையார் செய்தது ஒருநாள் உணர்ச்சியிற் செய்த காரியம் அன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். குழந்தைப் பருவந்தொட்டு ஆசிரியர் பலரிடம் கற்ற அடித்தளம் இருந்தது. தக்க குரு வாய்த்திருந்தார். வருவாய் குறைந்த காலத்திலும் தாங்கக்கூடிய வீடு இருந்தது. இம்மூன்றும் கூடிய இடத்தில் உத்தியோகத்தை விடுதல் துணிவு எனப்படும். இவை இல்லாதவழி அதனைத் துணிவென்று யானும் சொல்லேன்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். வைணவ ஐயங்கார் குடும்பத்திற் பிறந்த பெண்மணி, இசுலாமியப் பெரியாரொருவரின் முன்னே அமர்ந்து வித்தை பெற்றார். ஒரு குலத்தார் கூடிய சங்கத்தில் நின்று இதனைச் சொல்லுகின்றேன். நம் குலத்தார் ஒருவரையொருவர் தாங்குவதற்காக நாம் சங்கம் வைத்திருக்கின்றோம், அது தக்கதே. வித்தையோ எவரிடம் இருக்கின்றதோ அவர் வாயிலிற் சென்று நிற்பதே மாணாக்கர் கடன். ஆசிரியரின் குலத்தை ஆராய்ந்துவிட்டுக் கற்கச் செல்வோமாயின், இழப்பு ஆசிரியருக்கு அன்று, நமக்கே.

இனி அவர் திரையிசைக்கு வந்த வரலாறு. 1969-ஆம் ஆண்டில் அவர் அரங்கேறிப் பாடினார். அவ்வாண்டிலேயே வசந்த தேசாய் என்னும் இசையமைப்பாளரின் அறிமுகம் கிடைத்தது. அவர் மராத்தி இசைத்தட்டொன்றில், புகழ்பெற்ற இந்துஸ்தானி வித்வான் குமார் கந்தர்வரோடு இணைந்து பாடும் வாய்ப்பை இவருக்கு அளித்தார். தென்னாட்டிலிருந்து வந்த புதிய பாடகி, தாய்மொழியல்லாத மராத்தியில், அத்துணைப் பெரிய வித்வானோடு பாடிப் பிழையின்றி வெளிவந்தார். பின்னர் 1971-இல், ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'குட்டி' என்னும் இந்திப் படத்தில் வசந்த தேசாய் இவரை மூன்று பாடல்கள் பாடச் செய்தார். அவற்றுள் ஒன்று, மழைக்காலத்திற்கு உரியதாகக் கருதப்படும் மியான் கி மல்ஹார் இராகத்தில் அமைந்தது. அந்த ஒரு பாட்டால் நாடு முழுவதும் அவர் பெயரைக் கேட்டது. மற்றொன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடிநின்று பாடும் பிரார்த்தனை. அஃது இந்தி வழங்கும் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் மெய்யாகவே காலைப் பிரார்த்தனையாக அமைந்துவிட்டது. வேலூரிற் பிறந்த ஒருவர் பாடிய பாட்டை, அவர் முகம் அறியாத வடநாட்டுப் பிள்ளைகள் கைகூப்பிப் பாடுகின்றார்கள். பள்ளி ஆசிரியனாகிய எனக்கு, அவர் பெற்ற பரிசுகள் எல்லாவற்றினும் இது பெரிதாகத் தோன்றுகின்றது.

பின்னணி பாடுதல் என்பது யாது என்று சிறுவர்க்குச் சிறிது விளக்குவது நலம். பேசும்படம் வந்த தொடக்கத்தில் நடிப்பவரே பாடவேண்டும். நடிப்பும் பாட்டும் ஒரே காலத்திற் பதிவாகும். 1935-ஆம் ஆண்டில், கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் எடுத்த படத்தில், ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறை கையாளப்பட்டது. 1938-இல் வெளிவந்த நந்தகுமார் படத்தின் வாயிலாக அது தமிழிலும் புகுந்தது. இம்முறையாற் பாடகருக்கு நன்மையும் உண்டு, கடுமையும் உண்டு. அழகிய முகமில்லாதவரும் பாடலாம் என்பது நன்மை. பிறருடைய வாய்க்கு ஏற்பத் தம் குரலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது கடுமை.

கச்சேரி மேடையில் வித்வானுக்கு இரண்டு மூன்று மணி நேரம் உண்டு. முதற் பாட்டிற் குரல் இடறினால் மூன்றாம் பாட்டிற் சரிசெய்து கொள்ளலாம். பின்னணிப் பாடகருக்கு உள்ளது மூன்று நான்கு நிமிடம். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதனை அங்கேயே கற்று, பாடல் வரிகளைத் தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்டு, மூச்சு விடவேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒலிவாங்கியின் முன் நிற்கவேண்டும். அம்மையார் பாட வந்த காலத்தில் வாத்தியக்காரர் அனைவரும் உடனிருந்து வாசிக்க, பாட்டு முழுவதும் ஒருங்கே பதிவு செய்யப்பட்டது. ஒருவர் பிழைத்தால் எல்லாரும் மீண்டும் தொடங்கவேண்டும். ஒலிவாங்கியோ இரக்கமற்றது. சுருதி மயிரிழை விலகினாலும், மூச்சு இரைந்தாலும், மெய்யெழுத்து மழுங்கினாலும் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அம்மையாரின் பழைய பயிற்சி இங்கே துணைசெய்தது. தீட்சிதர் கிருதிகளின் பழக்கத்தால் சுரம் தன் இடத்தில் நின்றது. கருநாடக இசையில் சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் மிகுதி. இந்துஸ்தானியிலோ ஒரு சுரத்தின்மேல் அசையாது நெடிது நின்று மெல்ல நழுவி அடுத்ததை அடையும் பாங்கு மிகுதி. இரண்டும் கைவந்தமையால், அசைக்க வேண்டிய இடத்தில் அசைக்கவும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் அவருக்கு இயன்றது. மேல் ஸ்தாயியிற் கூட அவர் குரல் கம்பி இழுத்தாற்போல நேராக நின்றதைக் கேட்டவர் அறிவர். மணத்திற்குப் பின்பு கற்ற அந்த இரண்டாம் கல்வி இல்லையேல், நல்ல கச்சேரிப் பாடகி ஒருவர் நமக்குக் கிடைத்திருக்கக்கூடும். நாட்டின் பல பகுதியினரும் தம்மவரென்று உரிமை கொண்டாடும் வாணி ஜெயராம் கிடைத்திருப்பாரோ என்பது ஐயமே.

தமிழாசிரியன் என்ற முறையில் அவருடைய உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போகமாட்டேன். எழுத்துக்கள் எங்கே எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியனார் பிறப்பியல் என்னும் ஓர் இயலில் வைத்து இலக்கணம் கூறினார். அதனை வகுப்பில் நடத்தும் எங்கள் மாணாக்கர் சிலர், லகர ளகர ழகரங்களை ஒன்றாக்கிப் பேசுகின்றனர். அம்மையாரோ 19 மொழிகளிற் பாடியவர் என்பர். எம்மொழியிற் பாடினும் அம்மொழிக்குரிய ஒலி பிறழாமற் பாடுவதிற் கவனமுடையவர். இராகத்தைக் காப்பதற்காகச் சொல்லைச் சிதைப்பதும், சொல்லைக் காப்பதற்காக இராகத்தைக் குலைப்பதும் அவரிடம் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் ஒலிகளைப் பழக்க விரும்பும் பெற்றோர் அவர் பாடல்களைக் கேட்கச் செய்யலாம் என்பது என் கருத்து.

1973 முதல் தென்னாட்டு மொழிகளின் படங்களிலும் அவர் பாடலானார். மலையாளத்தில் சலீல் சவுத்ரி இசையமைத்த சுவப்னம் என்னும் படத்தில் அவ்வாண்டிற் பாடினார். தமிழில், எம். எஸ். விசுவநாதன் இசையமைத்து 1974-இல் வெளிவந்த தீர்க்கசுமங்கலி படத்துப் பாடல் அவரை வீடுதோறும் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு கே. பாலசந்தரின் அபூர்வ ராகங்கள் வெளிவந்தது. அதில் பைரவி என்னும் கருநாடக இசைப் பாடகியாக நடித்தவர் ஸ்ரீவித்யா. அவர் இசையரசி எம். எல். வசந்தகுமாரி அம்மையாரின் மகள். அத்தகைய பாத்திரத்திற்குக் குரல் கொடுப்பதென்றால், வித்வான்கள் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பது உறுதி. கவியரசு கண்ணதாசன் எழுதிய இராகமாலிகைப் பாடலொன்றை அம்மையார் அதிற் பாடினார். இராகம் மாறும் இடங்களில் தையல் தெரியாமற் பாடிய அப்பாட்டிற்கு, 1975-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த பின்னணிப் பாடகியின் தேசிய விருது கிடைத்தது.

இசைப் பயிற்சி மிக்கவர் எளிய பாட்டைப் பாடினால் அதிலும் வித்வத்தைக் காட்டாமல் இரார் என்று ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. அம்மையாரிடம் அது செல்லாது. இளையராஜா இசையில் 1978-இல் வெளிவந்த முள்ளும் மலரும் படத்தில், சோற்றையும் குழம்பையும் சுவைத்துப் பாடும் நாட்டுப்புறப் பாடலொன்று உண்டு. அதனைப் பாடும்பொழுது உஸ்தாதின் மாணவியைக் காணமுடியாது. வயிறார உண்பதில் மகிழும் ஒரு கிராமத்துப் பெண்ணையே காண்போம். கற்றதை வேண்டுமிடத்து வெளிக்காட்டலும் வேண்டாவிடத்து அடக்கலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே புலமை.

1979-இல் குல்சார் இயக்கிய மீரா என்னும் இந்திப் படத்திற்குச் சிதார் மேதை ரவிசங்கர் இசையமைத்தார். மீராபாயின் பஜனைகளை அதில் அம்மையார் பாடினார். அதற்காகப் பிலிம்பேர் விருது பெற்றார். தெலுங்கில் கே. விசுவநாத் இயக்கி, கே. வி. மகாதேவன் இசையமைத்து 1980-இல் வெளிவந்த சங்கராபரணம், கருநாடக இசையைப் பாமரரும் விரும்பிக் கேட்கச் செய்த படம். அதிற் பாடியதற்காக 1979-ஆம் ஆண்டிற்குரிய தேசிய விருது இரண்டாம் முறையாக அவரை அடைந்தது. அதே இருவர் கூடிச் செய்த சுவாதி கிரணம் என்னும் படத்திற்காக, 1991-ஆம் ஆண்டிற்குரிய விருது மூன்றாம் முறையாகக் கிடைத்தது. அந்தப் படத்தில் ஒரு பாலகன் இசைமேதையாக வருகின்றான். அவன் புகழைக் கண்டு குருவே பொறாமை கொள்கின்றார். அந்தப் பாலகனுக்குக் குரல் கொடுத்தவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்த வாணி ஜெயராம் அம்மையார். குரலில் முதுமை புகாமற் காத்தது எது? இடைவிடாத சாதகமே அன்றி வேறில்லை. மாணாக்கன் தன்னை மிஞ்சிவிடுவானோ என்று அஞ்சும் ஆசிரியனின் கதை அது. ஆசிரியர் அனைவரும், யான் உட்பட, காணத்தக்க படம்.

திரையிசையோடு அவர் நின்றாரில்லை. பக்திப் பாடல்கள், கஜல்கள், பஜனைகள் எனப் பலவற்றைப் பாடி இசைத்தட்டுக்களாக அளித்தார். கீதகோவிந்தத்தை அவர் பாட, ஒடிசி நாட்டிய மேதை கேளுசரண் மகாபாத்திரர் பக்கவாஜ் வாசித்த இசைத்தட்டும் உண்டு. கவிதை எழுதுவதிலும் ஓவியம் தீட்டுவதிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. தம் உயர்வுக்குக் கணவரின் துணையே காரணம் என்று அவர் பலகாலும் சொல்லி வந்தார். 2018-ஆம் ஆண்டில் ஜெயராம் அவர்கள் காலமானார். 2023 ஜனவரியில் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருதை அறிவித்தது. அதனைக் கையில் வாங்குமுன், பிப்ரவரி மாதம் 4-ஆம் நாள், சென்னையில் தம் இல்லத்தில் 77-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். சங்கராபரணம் தந்த கே. விசுவநாத் மறைந்தது அதற்கு இரு நாள் முன்னர்.

அன்பர்களே! வரலாறு இது. இனி, முன்னே சொன்ன கேள்விக்கு வருகின்றேன்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மாதவி ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகின்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் முதலியோரின் இலக்கணமெல்லாம் விரிவாக அங்கே சொல்லப்படுகின்றது. ஒரு பெண்ணுக்குக் கலை கற்பிக்க எத்தனை பேர் கூடவேண்டும் என்பதை இளங்கோவடிகள் நன்கு உணர்ந்திருந்தார். ஆனால், அக்கலை என்னவாயிற்று? கானல்வரியில் மாதவி பாடுகின்றாள். கேட்டுக்கொண்டிருந்த கோவலன் பாட்டின் பொருளைத் தவறாகக் கொண்டு, ஐயுற்று, அவளை விட்டு நீங்குகின்றான். பாடியவளிடம் குற்றமில்லை, கேட்டவனிடமே குற்றம். பின்னர் மாதவி கலையையே துறந்து விடுகின்றாள். ஏழாண்டுப் பயிற்சியும் எத்தனையோ ஆசிரியரின் உழைப்பும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்தன.

வாணி ஜெயராம் அம்மையாரின் வரலாற்றில், கேட்டவர் செவ்வையாகக் கேட்டார். மனைவி பாடக் கேட்டு, 'இதனை மேலும் வளர்க்க வேண்டும்' என்று கருதினார். பெண்மக்களின் கல்விக்குப் பிறந்த வீடு வித்திடுகின்றது. நீர்விடுவதும் விடாததும் புகுந்த வீட்டின் கையில் இருக்கின்றது. இதுவே யான் சொல்ல வந்த பொருள்.

நம் இல்லங்களை நோக்குவோம். எங்கள் பள்ளியிற் காலையிற் கடவுள் வாழ்த்துப் பாடும் மாணவியருள் நல்ல குரலுடையார் ஆண்டுதோறும் இருவர் மூவர் வருகின்றனர். அவர்களிற் சிலர் பெற்றோர் வருந்திப் பொருள் செலவிட்டுப் பாட்டுக் கற்பிக்கின்றனர். சில ஆண்டுகள் கழித்து அப்பெண்களைக் கடைவீதியிலோ கோயிலிலோ, இடுப்பிற் குழந்தையோடு காண்கின்றேன். 'இப்பொழுதும் பாடுகிறாயா, அம்மா?' என்று கேட்டால், சிரித்துக்கொண்டே தலையசைத்து, 'எங்கே ஐயா நேரம்?' என்கின்றனர். கணவர்மீதோ மாமியார்மீதோ அவர்கள் குறை சொல்வதில்லை. தடுத்தாரும் ஒருவருமில்லை. 'பாடு' என்று சொன்னாரும் ஒருவருமில்லை. தம்புராவும் சுருதிப் பெட்டியும் பரண்மேல் இருக்கின்றன. விரோதம் இல்லாமலே ஒரு வித்தை செத்துப்போகின்றது.

நம் சங்கத்தின் இந்த இதழில் மாதந்தோறும் விவாக அறிவிப்புக்கள் வெளியாகின்றன. பெண்ணைப் பற்றிய குறிப்பில், 'சங்கீதம் தெரிந்தவள்' என்று நாம் எழுதுகின்றோம். பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கின்றோம். பாட்டு நன்றாயிருந்தது என்று மகிழ்ந்து நிச்சயமும் செய்கின்றோம். அதன்பின் அப்பெண்ணை மீண்டும் ஒருமுறை பாடச் சொன்ன வீடுகள் எத்தனை? இந்தக் கேள்வியையே உங்கள் முன் வைக்கின்றேன். விடையை எனக்குச் சொல்லவேண்டாம். வீட்டிற்குச் சென்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

'எல்லாப் பெண்களும் வாணி ஜெயராம் ஆகிவிடுவார்களா?' என்று கேட்கலாம். ஆகமாட்டார்கள், ஆகவேண்டிய அவசியமும் இல்லை. எல்லா மாணாக்கரும் கம்பராகார் என்பதற்காக யாங்கள் தமிழ் கற்பித்தலை நிறுத்திவிடவில்லை. கற்ற பெண் வீட்டிற் பாடினாற் குழந்தைகள் கேட்டுக் கற்கும். பத்மாவதி அம்மையார் கச்சேரி மேடையிற் புகழ்பெற்றவர் அல்லர்; வீட்டில் அவர் அணைய விடாது வைத்திருந்த விளக்கினின்றுதான் மகளின் விளக்கு ஏற்றப்பட்டது. ஒரு தாயின் சாதகம் நின்றுபோனால், ஒரு தலைமுறைக்கு மட்டுமன்று, அடுத்த தலைமுறைக்கும் அது நட்டம்.

ஆகையால், சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். முதலாவது, விவாக அறிவிப்புக்களில் 'சங்கீதம் தெரிந்த பெண் தேவை' என்று எழுதும் பிள்ளை வீட்டார், 'அவள் கல்வி தொடர இடம் தருவோம்' என்பதனையும் சேர்த்து எழுதட்டும், எழுதியபடி நடக்கட்டும். இரண்டாவது, நம் கல்வி நிதியிலிருந்து மாணவியருக்குத் தரும் உதவியை, விவாகத்திற்குப் பின் இசையோ வேறு கல்வியோ தொடர விரும்பும் மருமக்களும் பெறலாம் என்று ஒரு விதி செய்யட்டும். மூன்றாவது விண்ணப்பம் இங்கே வீற்றிருக்கும் மாமியார்களாகிய தாய்மார்களுக்கு. நாளொன்றுக்கு ஒரு நாழிகைப் பொழுது, அடுப்பங்கரை வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டு, மருமகளைச் சுருதிப் பெட்டியின்முன் அமரச் சொல்லுங்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடமே. இதற்கு நிதி வேண்டா, விதியும் வேண்டா, மனம் ஒன்றே வேண்டும்.

ஆண்மக்களுக்கு யான் தனியே சொல்வது யாதுமில்லை. உங்கள் மனைவியர் பாடும்பொழுது செய்தித்தாளைச் சற்றே மடித்து வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டபின், 'மேலும் கற்றுக்கொள்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை ஒரு கணவர் பம்பாயிற் சொன்னதன் பயனை, நாடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு மகிழ்ந்து வருகின்றது.